மிஷனெரி வீட்டில் நாலு பேர் இருந்தோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் உங்கள் ஞாயிறு மலரில், வடநாட்டுக்குப் போன தமிழ் மிஷனெரிகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அடுத்த வாரமே அதற்கு இரண்டு வாசகர் கடிதங்கள் போட்டிருந்தீர்கள். ஒருவர் மிஷனெரிகளைப் பரிசுத்தவான்கள் வரிசையில் உட்கார வைத்திருந்தார். இன்னொருவர் வெளிநாட்டுப் பணத்துக்கு ஆள் பிடிக்கிறவர்கள் என்று எழுதியிருந்தார். இரண்டையும் என் வீட்டுக்காரர் எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். முடித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ரெண்டு பேரும் நம்ம வீட்டுக்கு வந்ததே இல்ல போல" என்றார்.

அப்படிப்பட்ட ஒரு வீட்டின் அம்மா நான். 1984 நவம்பரில் திருநெல்வேலியில் ரயில் ஏறி, குஜராத்தின் டாங் மாவட்டத்துக்குப் போனோம். 2009இல் திரும்பி வந்தோம். போகும்போது இரண்டு பேர். அங்கே நாலு பேர் ஆனோம். திரும்பும்போது மறுபடி இரண்டு பேர். உங்கள் கட்டுரையில் மிஷனெரி என்று வந்த இடத்தில் எல்லாம் அது ஒரு ஆண், தனி ஆள். அவருக்குச் சோறு பொங்கியது யார், அவர் பிள்ளை எங்கே படித்தது என்பதற்கு ஒரு வரி கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பிள்ளைகள் இரண்டு பேரையும் போனில் பிடித்து, "பேப்பருக்கு எழுதப் போறேன், நீங்க என்ன சொல்லணும்?" என்று கேட்டேன். எனவே இது நாலு பேர் கடிதம். கையெழுத்து மட்டும் என்னுடையது.

முதலில் பணத்தைப் பேசி முடித்துவிடுகிறேன். திருநெல்வேலியில் 1903 பிப்ரவரியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோதே நம் ஆள், நம் காசு, நம் நிர்வாகம் என்றுதான் தொடங்கினார்கள். தொடங்கியவர்களில் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1902இல் யாழ்ப்பாணம் போன இடத்தில், அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே ஆள் அனுப்பி ஊழியம் நடத்துவதைப் பார்த்துவிட்டு, நம்மால் ஏன் முடியாது என்று யோசித்துக்கொண்டே ஊர் திரும்பியவர். எங்களை அனுப்பியது வேறொரு சங்கம். ஆனால் பணம் வந்த வழி அதேதான்: கைப்பிடி அரிசி. உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். அது கோயிலுக்கு (சர்ச்சைத்தான் நாங்கள் கோயில் என்போம்) வந்து, ஏலம் போய், காசாகி, மணியார்டராகி எங்களிடம் வரும். பீடி சுற்றிய கூலியில் இரண்டு ரூபாய் ஒதுக்கி வைத்த அக்காமார் எனக்குத் தெரியும். சில மாதம் மணியார்டர் வர 20ஆம் தேதி ஆகும். டாலர் நோட்டை நான் கண்ணால் பார்த்ததே, என் மகனை அவன் கம்பெனி வெளிநாடு அனுப்பி அவன் திரும்பி வந்த பிறகுதான்.

சரி, டாங்குக்கு வருகிறேன்.

பிலிமோரா ஸ்டேஷனில் இறங்கி வகாய் போகும் சின்ன ரயிலில் ஏற வேண்டும். கெய்க்வாட் மகாராஜா காலத்தில் போட்ட குறுகிய பாதை. 63 கிலோமீட்டர். வேகமாக நடக்கிறவன் இறங்கி ஒன்றுக்குப் போய்விட்டு ஓடி வந்து ஏறிக்கொள்ளலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். பாதி உண்மை. வகாயில் இறங்கினால் மூங்கில் காடு, தேக்கு, மலை. பீல், கோக்ணா, வார்லி மக்களின் ஊர்கள். ஆபீஸிலும் பள்ளிக்கூடத்திலும் குஜராத்தி, ஊருக்குள் டாங்கி, பஜாரில் இந்தி. நான் பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் தட்டுத் தடுமாறிப் பாஸ் ஆனவள். மூன்றும் எனக்கு ஒன்றுதான்.

முதல் வாரத்தில் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் டீ கொடுத்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். வேறு என்ன செய்வது? கிளம்பி வாசலுக்கு வந்ததும் அவர் "ஆவ்ஜோ" என்றார். எனக்குத் தெரிந்த நாலைந்து சொற்களில் "ஆவோ" ஒன்று, வா என்று அர்த்தம். மறுபடி கூப்பிடுகிறாரே என்று திரும்பிப் போய் உட்கார்ந்தேன். அவர் இன்னொரு டீ போட்டார். குடித்துவிட்டு எழுந்தேன். "ஆவ்ஜோ" என்றார். மறுபடி உட்கார்ந்தேன். மூன்றாவது தடவை அவர் மகள் சிரிப்பை அடக்க முடியாமல் வீட்டுக்குப் பின்னால் ஓடிவிட்டாள். குஜராத்தியில் விடை கொடுக்கும்போது ஆவ்ஜோ என்பார்கள். நாம் "போயிட்டு வாங்க" என்கிறோமே, அதேதான். நாம் மட்டும்தான் போகிறவரிடம் வா என்று சொல்கிற ஜனம் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் காக்கா கதை. குஜராத்தியில் சித்தப்பா முறைக்குக் காக்கா. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரை ஊரே காக்கா என்றுதான் கூப்பிடும். மகனும் அப்படியே பழகினான். நாலு வயதில் லீவுக்கு ஊருக்குக் கூட்டி வந்தபோது எங்க அம்மாவிடம், "ஆச்சி, காக்கா எனக்கு முட்டாய் வாங்கித் தரும், தோள்ல தூக்கிட்டுப் போகும்" என்றான். அம்மா பிள்ளைக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காக்கா எப்படிலே உன்னத் தூக்கும்?" அவன் அதைவிடக் குழம்பிப் போய் என்னைப் பார்த்தான். இந்தக் காக்கா பின்னாலும் வருவார், அதனால்தான் சொல்கிறேன்.

எங்கள் தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். டாங்கில் பாவ்ரி என்று ஒரு வாத்தியம் உண்டு, சுரைக்குடுக்கையில் செய்து ஊதுவது. அதை ஊதினால் மலை அந்தப் பக்கம் வரை கேட்கும், கால் தன்னால் ஆடும். நாங்கள் போன புதிதில், சாமி கும்பிடுகிற இடத்து வாத்தியம் என்று அதை ஜெபக்கூட்டத்துக்குள் விடவில்லை. யாரும் எங்களுக்கு அப்படிக் கட்டளை இடவில்லை, நாங்களாகவே பயந்தோம். நம் ஊர்க் கீர்த்தனை ராகத்தில் குஜராத்தி வார்த்தையைத் திணித்துப் பாடச் சொல்லிக் கொடுத்தோம். பாவம், அவர்களும் மூக்கால் பாடினார்கள். ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு கிழவர், "உங்க சாமிக்கு எங்க பாட்டு கேக்காதா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே சந்தேகம் கேட்டார். என் வீட்டுக்காரர் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குப் பாவ்ரி உள்ளே வந்தது. ஆனால் அதற்குள் எங்கள் கூட்டத்துப் பையன்களில் அதை ஊதக் கற்றவன் யாரும் இல்லை. வெளியிலிருந்து ஆளைக் கூப்பிட வேண்டியிருந்தது.

இனி மனைவிமார். மிஷனெரி ஞாயிறு வந்தால் வில்லியம் கேரி இல்லாமல் பிரசங்கம் கிடையாது. செருப்புத் தைத்தவர், 1793இல் கல்கத்தா வந்து இறங்கியவர், 1801இல் வங்காள மொழியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர். எல்லாம் சரி. டாரதி கேரி என்று ஒருத்தி இருந்தாளே, அவளைப் பற்றி யாராவது பிரசங்கம் கேட்டிருக்கிறீர்களா? முதலில் வர மாட்டேன் என்றாள். வயிற்றில் பிள்ளை. பெற்ற பிறகு, தங்கச்சியும் கூட வந்தால் வருகிறேன் என்று கைக்குழந்தையோடு கப்பல் ஏறினாள். மறு வருஷமே ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுப்போக்கில் செத்தான். புதைக்க ஆள் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் புத்தி சரியாகவே இல்லை. ஒரு அறையில் அவள் கத்திக்கொண்டிருப்பாள், பக்கத்து அறையில் கேரி மொழிபெயர்த்துக்கொண்டிருப்பார். 1807 டிசம்பரில் இறந்தாள். எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தில் ஒரு தடவை பேசச் சொன்னார்கள். நான் இவளைப் பற்றிப் பேசினேன். பேசி முடித்ததும் ஆமென் சொல்லக்கூட ஆளில்லை. வெளியே வந்ததும் ஒரு மிஷனெரியின் மனைவி, என் வயதுதான் இருக்கும், கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

அசரியா 1909இல் தோர்ணக்கல் போனார், 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார் என்று நம் ஊர்ச் சின்னப் பிள்ளையும் சொல்லும். கூடவே போய் அந்தத் தெலுங்கு நாட்டில் குடும்பம் நடத்திய அன்பு மாரியம்மாள் பெயரை எத்தனை பேர் சொல்வார்கள்? இடையன்குடி கால்டுவெல் ஐயருக்குத் தபால் தலை உண்டு, மெரினாவில் சிலை உண்டு. அவர் மனைவி எலிசா, நாகர்கோவிலில் ஊழியம் செய்த மால்ட் ஐயரின் மகள். மிஷனெரி வீட்டுப் பிள்ளை. நம் மண்ணில் வளர்ந்து, நம் பேச்சைக் காதில் வாங்கி வளர்ந்தவள். 1844இல் கால்டுவெல்லுக்கு வாழ்க்கைப்பட்டபோது அந்தத் தமிழையும் கொண்டுதான் போயிருப்பாள். என் மகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எலிசா ஞாபகம் வரும்.

பிள்ளைகளைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன் என்று நினைக்கிறேன்.

மகன் 1985இல் பிறந்தவன். ஆறு வயதில் அவனைத் தமிழ்நாட்டில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தோம். எங்கள் கூட வேலை செய்த எல்லாருடைய பிள்ளைகளும் அப்படித்தான் போனார்கள். அங்கே குஜராத்தி மீடியத்தில் படித்துவிட்டு நாளைக்கு இங்கே வந்தால் என்ன செய்வான் என்று பயம். 1991 ஜூன் மாதம். வகாயிலிருந்து பிலிமோரா, பிலிமோராவிலிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து மெட்ராஸ், எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ். கொங்கண் பாதை 1998இல்தான் வந்தது. வழியெல்லாம் அவன் ஒவ்வொரு ஸ்டேஷனாக, "திரும்பி வரும்போது இங்க வடை வாங்கித் தரணும்", "திரும்பி வரும்போது இந்தப் பாலத்துல எழுப்பி விடணும்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். விடுதி என்று சொல்லியிருந்தோம். என்னவென்று விளங்கியிருக்கவில்லை. திரும்பி வரும்போது அந்தப் பாலத்தில் நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன்.

சனிக்கிழமை தோறும் பிள்ளைகளைக் கடிதம் எழுத வைப்பார்கள். நீல நிற இன்லேண்ட் லெட்டர். எங்களுக்கு வந்து சேர எட்டு நாளும் ஆகும், பத்து நாளும் ஆகும். மழைக்காலத்தில் அம்பிகா ஆறு தரைப்பாலத்தை மூடிவிட்டால் தபாலே வராது, பிறகு மொத்தமாக வரும். 1992 ஆகஸ்டில் அப்படி ஒரே நாளில் மூன்று கடிதம் வந்தது. ஆசை ஆசையாக மூன்றையும் பாயில் விரித்து வைத்தேன். "அன்புள்ள அம்மா அப்பாவுக்கு ஸ்தோத்திரம். நான் இங்கு கர்த்தருடைய கிருபையால் சுகமாயிருக்கிறேன். தங்கள் சுகத்துக்காகவும் ஊழியத்துக்காகவும் ஜெபிக்கிறேன்." மூன்றிலும் அதேதான், எழுத்து மாறாமல். ஏழு வயதுப் பிள்ளை 'தங்கள் சுகத்துக்காகவும்' என்று எழுதுமா? கரும்பலகையில் எழுதிப் போட்டதைப் பார்த்து எழுதியிருக்கிறது. பெட்டியில் இருந்த பழையதை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஒரு வருஷக் கடிதம், எல்லாம் ஒரே கடிதம்.

மூன்றாவதில் மட்டும் அடியில் ஒரு வரி அடித்திருந்தது. பிள்ளை பென்சிலில் எழுதியிருந்ததை யாரோ பேனாவால் கெட்டியாக அடித்திருந்தார்கள். சிம்னி விளக்குக்குப் பின்னால் பிடித்துப் பார்த்தேன், தெரியவில்லை. தாளைத் திருப்பி, பென்சில் அழுத்திய தடத்தை விரலால் தடவித் தடவி வாசித்தேன். "வலது காதுல சீழ் வருது அம்மா. ராத்திரி வலிக்கி."

என் வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தந்தி கொடுக்கப் போனார். பாலம் இரண்டு நாள் மூடியிருந்தது. மூன்றாம் நாள் தந்தி போய், என் தம்பி பள்ளிக்கு ஓடி, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். காது ஜவ்வில் ஓட்டை. இன்றைக்கும் அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் அவனுக்குக் கேட்காது. டிசம்பர் லீவில் போய்க் கேட்டபோது அந்த ஆசிரியை, "ஊழியத்துல இருக்கிறவங்க மனசு கலங்கக் கூடாதுன்னுதான்" என்று சொன்னார். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்.

அப்போதாவது பிள்ளையைக் கூட்டி வந்திருக்கலாமே என்று உங்கள் வாசகர்கள் கேட்பார்கள். நாங்கள் கூட்டி வரவில்லை. பாதிப் படிப்பில் மாற்றக் கூடாது, மற்ற பிள்ளைகள் இருக்கிறார்களே, சங்கத்தில் என்ன நினைப்பார்கள், இப்படி நாலு காரணம் அன்றைக்கு இருந்தது. இன்றைக்கு அதில் ஒன்றுகூட எனக்குக் காரணமாகத் தெரியவில்லை. ஆனால் 1989இல் பிறந்த மகளை நான் அனுப்பவில்லை. "இவளை அனுப்பினால் நானும் கூடப் போவேன்" என்று ஒரே பிடியாக நின்றேன். அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் குஜராத்தியில் படித்தாள். மகன் பெரியவனாகி வேலைக்குப் போன பிறகு, ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நிமிர்ந்து பார்க்காமல், "தங்கச்சிய மட்டும் ஏன் வச்சுக்கிட்டீங்க?" என்று கேட்டான். அவன் காதுதான் அவளைக் காப்பாற்றியது என்று ஒரு தாய் எப்படிச் சொல்வாள்? குழம்பு ஊற்றினேன்.

1998 கிறிஸ்துமஸ் வாரத்தில் டாங்கில் ஜெப ஆலயங்கள் உடைக்கப்பட்டதும், சில எரிக்கப்பட்டதும் நாடறிந்த செய்தி. ஜனவரியில் பிரதமர் வாஜ்பாய் மாவட்டத் தலைநகர் ஆஹ்வாவுக்கு வந்து பார்த்தார். மதமாற்றம் பற்றி நாட்டில் விவாதம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். விவாதம் வரட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த வாரத்தில் நாங்கள் இரண்டு ராத்திரி காக்கா வீட்டில் படுத்திருந்தோம். காக்கா வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பீடி நுனி மட்டும் இருட்டில் தெரியும். அவர் கிறிஸ்தவர் இல்லை. நாங்கள் 25 வருஷம் அடுத்த வீட்டில் இருந்தும் அவர் கிறிஸ்தவர் ஆகவில்லை, ஆகச் சொல்லி நாங்களும் கழுத்தைப் பிடிக்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார், சொல்ல வேண்டியதைச் சொன்னோம், அதற்கு மேல் அவர் இஷ்டம். ஆள் பிடிக்கிறவர்கள் என்று எழுதிய உங்கள் வாசகருக்கு என்னிடம் இருக்கிற பதில் காக்காதான்.

மகன் அப்போது 13 வயது, விடுதியில். டாங்கில் கலவரம் என்று பேப்பரில் பார்த்திருக்கிறான். எஸ்டிடி பூத்துக்குப் போக எங்களுக்கு நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளும் ஜெபத்தில் எங்கள் பெயரைச் சொல்லி எல்லாப் பிள்ளைகளும் ஜெபித்திருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று அவனுக்கு யாராலும் சொல்ல முடியவில்லை. அடுத்த மாதம், ஜனவரி 22 ராத்திரி, ஒரிசாவில் மனோகர்பூர் கிராமத்தில் கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவர் மகன்கள் பிலிப், திமோத்தி இருவரையும் வண்டியில் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கொளுத்தினார்கள். பிலிப்புக்குப் பத்து வயது, திமோத்திக்கு ஆறு. அதற்குப் பிறகு மகனிடமிருந்து வந்த கடிதத்தில் ஸ்தோத்திரம் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை. ஒரே வரி. "ராத்திரி ஜீப்பில் தூங்காதீங்க." எங்களிடம் ஜீப் எப்போதுமே கிடையாது, ஒரு ஹெர்குலிஸ் சைக்கிள்தான் இருந்தது. அது அவனுக்கும் தெரியும். எட்டு வருஷத்தில் கரும்பலகையைப் பார்க்காமல் அவன் எழுதிய முதல் கடிதம் அது.

இப்போது மகன் புனேயில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறான். சொந்த ஊர் எது என்று கேட்டால், கேட்கிறவரைப் பார்த்துப் பதில் சொல்கிறானாம். தமிழர் கேட்டால் திருநெல்வேலி, குஜராத்திக்காரர் கேட்டால் டாங், வேறு யாராவது கேட்டால் புனே. "மூணுமே பொய்தான்மா, ஆனா மூணுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு" என்றான். ரூத் யூசீம் என்ற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் 1950களில் இந்தியாவில் குடியிருந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்து, இப்படி வளர்கிற பிள்ளைகளுக்கு மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள் என்று பெயர் வைத்தாராம். அதையும் அவன்தான் போனில் சொன்னான். பெயர் இருக்கிறது என்று தெரிந்ததே அவனுக்குப் பெரிய நிம்மதியாக இருந்ததாம். நாங்கள் அவனுக்கு அதைக்கூடக் கொடுக்கவில்லை. கோயிலுக்குப் போவான், எப்போதாவது. ஊழியத்துக்குக் கடவுள் கூப்பிடுகிற அழைப்பு பற்றிக் கேட்டால், "அது உங்களுக்கு வந்தது, எனக்கு வரலையே" என்பான். கோபமாக இல்லை, பஸ் வரவில்லை என்பது மாதிரிச் சொல்வான்.

மகள் குஜராத்தில் நர்ஸ். காசு எண்ணுவது குஜராத்தியில், சண்டை போடுவது தமிழில், குழந்தையைத் தூங்க வைப்பது டாங்கியில். ஆஸ்பத்திரிக்கு மலையிலிருந்து ஒரு கிழவி வந்து எந்த மொழியும் புரியாமல் மிரண்டு நின்றால் இவளைத்தான் கூப்பிடுகிறார்களாம். "நான் எதையும் இழக்கலன்னு எழுதும்மா. அண்ணனுக்காக எழுதும்போது எனக்கும் சேர்த்து அழுதுராத" என்றாள். எழுதிவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு எதுவும் எழுத வேண்டாமாம். ஆனால் மறுபடி இருபத்தேழு வயது கொடுத்தால் மறுபடி போவேன் என்கிறார். பிள்ளையோடு தான் போவாராம், பிள்ளையை விட்டு இல்லை.

அனுப்புகிற சபையாருக்கு ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். லீவில் வருகிற மிஷனெரிப் பிள்ளையை மேடையில் ஏற்றி, பழங்குடி உடை போட்டு, அந்த மொழியில் பாடு என்று சொல்லாதீர்கள். என் மகனுக்கு ஒன்பது வயதில் அப்படிப் பாடச் சொன்னார்கள். விடுதிக்குப் போய் அவனுக்கு டாங்கி மறந்து போயிருந்தது. மணிக்கூண்டுக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டான். எத்தனை ஆத்துமா, அதாவது எத்தனை பேர் கிறிஸ்தவர் ஆனார்கள் என்று வேறு ஒரு பெரியவர் அவனிடமே கேட்டார். ஒன்பது வயதுப் பிள்ளையிடம்! அவனுக்குத் தேவைப்பட்டது அவன் வயதுப் பையன் ஒருவன், ஒரு சைக்கிள் டயர், ஒரு மத்தியானம்.

ஒருவரைப் பணித்தளத்துக்கு அர்ப்பணித்து அனுப்பும் முன்னே மனைவியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், கணவர் பக்கத்தில் இல்லாமல். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் போகிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அது வேறு. திரும்பி வந்தவர்களுக்குத் தங்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நாங்கள் 2009இல் வந்தபோது சொந்த ஊரில் ரேஷன் கார்டும் இல்லை, வாடகைக்கு வீடு கேட்டால் "எந்த ஊரு நீங்க" என்றார்கள். இப்போதெல்லாம் கொஞ்சம் மாறியிருக்கிறது என்று கேள்விப்படுகிறேன். பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கிற இளம் குடும்பங்களைப் பார்க்கிறேன், வாட்ஸ்அப்பில் தினம் முகம் பார்க்கிறார்கள். நல்லது.

காக்கா 2016இல் இறந்துவிட்டார். மகன்தான் லீவு போட்டுப் போய் வந்தான், எங்களிடம் சொல்லாமல்.

இந்தக் கடிதத்தை உங்களுக்கு அனுப்பும் முன் மகனுக்கு அனுப்பி, எதையாவது எடுக்க வேண்டுமா என்று கேட்டேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. நேற்று ராத்திரி வந்தது. எதையும் எடுக்கச் சொல்லவில்லை, ஒரே ஒரு திருத்தம் மட்டும். நான் இடது காது என்று எழுதியிருந்தேனாம். "வலது காதும்மா" என்று போட்டிருந்தான். எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து அந்த இன்லேண்ட் லெட்டரை எடுத்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மேலே திருத்தியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
திருநெல்வேலி மாவட்டம்